மடிப்பதா, சுருட்டுவதா, அடுக்கடுக்காக ஒட்டுவதா?

வீட்டில் எல்லோரும் சேர்ந்து காகிதத்தில் ஏதாவது செய்யலாம் என்று முடிவானதும் முதலில் நடப்பது படம் பார்ப்பதுதான். மயில், பூச்சாடி, சுவர் அலங்காரம், தொங்கும் உருண்டை என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எது கண்ணைப் பறிக்கிறதோ அதைத் தொடங்கிவிடுகிறோம். படத்தில் இருப்பவை எல்லாமே அழகுதான். அசிங்கமாக வந்ததை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அதனால் அழகை வைத்துத் தேர்வு செய்வது தேர்வே செய்யாததற்குச் சமம்.

நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. இந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனால் என்ன ஆகும்? குடும்பம் என்றால் இடையூறு இருக்கத்தான் செய்யும். வாசலில் மணி அடிக்கும், அடுப்பில் ஏதாவது பொங்கும், தூங்கிய குழந்தை எழுந்துகொள்ளும், பெரியவளுக்கு மறந்துபோன வீட்டுப்பாடம் சரியாக அந்த நேரத்தில் நினைவுக்கு வரும். இடையூறைத் தாங்கும் கைவினைதான் வீட்டில் நிற்கிறது. தாங்காதது எவ்வளவு அழகாக இருந்தாலும் மேசை மூலையில் அரைகுறையாகக் கிடந்து, அடுத்த சுத்தப்படுத்தலில் குப்பைக்குப் போகிறது. இதற்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியவை இரண்டு: வீட்டிலுள்ள மிகச் சின்னக் கைக்கு அதில் உண்மையான வேலை உண்டா, முடிந்த பொருள் எங்கே வாழப்போகிறது?

இந்த மூன்று கேள்விகளோடு ஒரிகாமி என்னும் காகித மடிப்பு, காகிதக் கூழ், குவில்லிங் என்னும் பட்டைச் சுருட்டல், வெட்டு வேலை, செய்தித்தாள் கூடை ஆகிய ஐந்தையும் பார்ப்போம்.

ஒரிகாமி

செலவே இல்லாதது என்பதால் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு தாள், இரண்டு கைகள். பசையும் கத்தரிக்கோலும் வேண்டாம். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்குக் காகித மடிப்பு நல்ல பயிற்சி என்பதைக் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டு, மடிப்பையும் வெட்டையும் காகிதப் பின்னலையும் தன் பாடமுறையில் சேர்த்தார். இன்று உலகெங்கும் பயன்படும் அம்புக்குறி, புள்ளிக்கோடு படமுறை ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1950களில் உருவாக்கியதிலிருந்து வளர்ந்தது. அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் எந்த மொழியில் வந்த மடிப்புப் படத்தையும் பின்பற்றலாம். மொழி தெரியாத பாட்டியும் பேரனும் ஒரே பக்கத்தைப் பார்த்து மடிக்க முடியும்.

ஆனால் என் முதல் கேள்வியில் ஒரிகாமி தடுக்கிவிழுகிறது. இருபது படி உள்ள ஒரு கொக்கைப் பதினோராவது படியில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கையில் இருப்பது எந்தப் படியின் உருவம் என்று பெரியவர்களுக்கே விளங்காது. குழந்தையோ பிரித்துப் பார்க்கும். பிரித்த தாளில் பத்து மடிப்புக் கோடுகள் தெரியும், எது எதற்கு என்று தெரியாது. ஒரிகாமியை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். அதனால் பத்துப் பன்னிரண்டு படிக்குள் முடியும் உருவங்களாகப் பார்த்து எடுப்பதே குடும்பத்துக்கு நல்லது.

அல்லது அலகு ஒரிகாமிக்குப் போய்விடலாம். குடும்பத்துக்கு நான் முதலிடம் தருவது இதற்குத்தான். ஒரே மாதிரியான சின்ன அலகுகளைப் பல தாள்களில் மடித்து, ஒன்றின் முனையை இன்னொன்றின் பையில் செருகி உருவம் கட்டுவது இதன் முறை. இவற்றில் மிகப் பரவலாகத் தெரிந்தது சோனோபே அலகு. ஒரு சதுரத் தாளில் செய்யும் இந்த அலகுக்கு இரண்டு முனைகளும் இரண்டு பைகளும் உண்டு. 6 அலகுகள் சேர்ந்தால் கனசதுரம். 12 சேர்ந்தால் கூம்புகள் துருத்திய ஒரு நட்சத்திர உருண்டை. 30 சேர்ந்தால் பந்தளவுக்குப் பெரிய இன்னொன்று. 12க்கும் 30க்கும் ஒவ்வோர் அலகிலும் நடுவே ஒரு மடிப்பு கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. துளி பசை கிடையாது. செருகலின் இறுக்கமே உருவத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

குடும்ப வேலைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். ஒருவர் நான்கு அலகு மடித்துவிட்டு எழுந்துபோகலாம். அந்த நான்கும் ஒரு டப்பாவில் காத்திருக்கும். ஏழெட்டு வயதுக் குழந்தை ஓர் அலகைக் கற்றுக்கொண்டால் அதையே திரும்பத் திரும்ப மடிக்கும். திரும்பத் திரும்பச் செய்வதில் சலிக்காத வயது அது. இன்னும் சின்னவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதும், தாளை முதல் பாதியாக மடித்து நகத்தால் அழுத்திக் கொடுப்பதும் வேலை. கோத்துச் சேர்ப்பது மட்டும் பொறுமையுள்ள ஒருவரிடம் போக வேண்டும். கடைசி மூன்று அலகுகளைச் செருகும்போது உருண்டை மொத்தமும் கழன்று மடியில் விழுவது வழக்கம். அங்கே கோபப்படாதவராக ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரிகாமிக்கென்று விற்கும் தாள் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் சதுரம், சதுர மீட்டருக்கு 60 முதல் 70 கிராம் எடை. வீட்டு அச்சுத்தாள் 70 அல்லது 80 கிராம் இருக்கும். அலகு ஒரிகாமிக்குக் கொஞ்சம் விறைப்பு நல்லது என்பதால் அதுவே போதும். ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். மூலைவிட்டமாக மடித்துச் சதுரம் வெட்டினால் 87 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு மிஞ்சும். அதை எறிய வேண்டாம். குவில்லிங்குக்குப் போகும்போது தேவைப்படும்.

காகிதக் கூழும் அடுக்கு ஒட்டும்

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். கையை அழுக்காக்கிக்கொள்ளலாம் என்று பெரியவர்களே அனுமதிக்கும் அபூர்வமான வேலை. இதில் இரண்டு வழிகள் உண்டு. காகிதத்தைப் பொடியாகக் கிழித்து ஊறவைத்து அரைத்துப் பசையோடு பிசைந்து களிமண் போல உருவம் பிடிப்பது ஒன்று. ஒரு கிண்ணத்தின் மேலோ ஊதிய பலூனின் மேலோ காகிதத் துண்டுகளைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பது இன்னொன்று. முதல் வழி நுணுக்கமான உருவங்களுக்கு நல்லது, ஆனால் காய்வதற்கு நாள் பிடிக்கும், காயும்போது சுருங்கவும் செய்யும். முதன்முறை செய்பவர்களுக்கு இரண்டாவதே தோது.

ஒரு பங்கு மாவு, இரண்டு பங்கு தண்ணீர் என்று கட்டியில்லாமல் கரைத்தால் பசை தயார். கரைசலை அடுப்பில் கிளறிக் காய்ச்சினால் பிடிப்பு கூடும். வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்தும் பயன்படுத்தலாம். செலவு அதிகம், கெட்டுப்போகும் தொல்லை குறைவு. காகிதத்தைக் கத்தரிக்காமல் கிழிப்பது முக்கியம். கிழித்த ஓரத்தில் நார் மெலிந்து நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு துண்டு அடுத்ததோடு கலந்துவிடும். வெட்டிய ஓரம் காய்ந்த பிறகும் கோடாகத் தெரியும். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் இழுத்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதம் உருவாகும்போது நார்கள் ஒரு பக்கமாகப் படிவதே அதற்குக் காரணம். நேராகக் கிழியும் திசையைக் கண்டுபிடித்துத் தருவதைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். அதுவே ஒரு விளையாட்டாகிவிடும். வழவழப்பான பத்திரிகைத் தாளைத் தவிருங்கள். அதன் மேற்பூச்சு பசையை உள்ளே விடாது.

மூன்று நான்கு அடுக்குகளாவது வேண்டும். ஓர் அடுக்கு அச்சிட்ட தாள், அடுத்தது வெறும் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் காய வேண்டும். அவசரப்பட்டு நாலடுக்கையும் ஒரே நாளில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். சில நாள் கழித்துப் பூஞ்சை வாசனை வரும். காற்றோட்டம் வேண்டும், சுடும் வெயில் வேண்டாம். பலூனுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். மேலே ஒட்டிய ஓடு விரிசல் விடும்.

பாதியில் விட்டால் என்ன ஆகும்? இதில் பாதியில் விடுவதே முறை. ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு, அரை மணி நேரம், அதன் பிறகு எல்லோரும் எழுந்துபோக வேண்டும். வேலைக்குப் போய் வருபவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த நேர ஒழுங்கு மிகவும் ஒத்துவரும். கெடு வைப்பது பசை மட்டுமே. மாவுப் பசை ஓரிரு நாளில் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சற்றுத் தாங்கும். அன்றன்றைக்குத் தேவையான அளவு கரைத்துக்கொள்வதே சரி.

இதன் வலுவைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பிரிட்டனில் பசையில் தோய்த்த காகித அடுக்குகளால் செய்தார்கள். 400 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும் அந்தத் தொட்டிகளை நிரப்பிச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு வானிலிருந்தே உதிர்த்துவிட வேண்டும். வெகுநேரம் விட்டால் எரிபொருள் காகிதத்தை இளக்கிக் கசியத் தொடங்கும். பறக்கும் விமானத்தின் சுமையைத் தாங்கிய முறை உங்கள் சாவிக் கிண்ணத்தையும் தாங்கும்.

குறையும் உண்டு. மாவுப் பசை இருக்கும் இடத்துக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும். உள்ளும் புறமும் வண்ணம் பூசி, மேலே வார்னிஷ் அடித்தால்தான் நெடுநாள் இருக்கும். இன்னொன்று இடம். ஒரு முகமூடி அழகு. ஐந்து முகமூடிகள் ஓர் அலமாரி. குழந்தை செய்ததை எறிய மனம் வராதவர்கள், தொடங்கும் முன்பே சிறிய கிண்ணத்தை அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குவில்லிங்

காகிதப் பட்டைகளைச் சுருட்டி, சுருளைக் கிள்ளி இலையாகவும் துளியாகவும் இதழாகவும் மாற்றி, அட்டையில் நிற்கவைத்து ஒட்டும் வேலை இது. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய மடங்களில் துறவிகளும் கன்னியரும் தங்கக் கம்பி வேலைப்பாட்டின் சாயலில், பொன் விளிம்பிட்ட காகிதக் கீற்றுகளைக் கொண்டு இதைச் செய்து புனிதப் பொருட்களை அலங்கரித்தார்கள். காகிதத்தைப் பொன்னாகக் காட்டும் அந்த எண்ணம் இன்றும் இதில் மிஞ்சியிருக்கிறது. நன்றாகச் செய்த குவில்லிங்கைத் தொட்டுப் பார்க்காமல் காகிதம் என்று நம்ப முடியாது.

இது குடும்பக் கைவினை என்று விற்கப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 3 மில்லிமீட்டர் பட்டையைச் சீராகச் சுருட்டி, சரியான அளவுக்குத் தளரவிட்டு, ஊசிமுனைப் பசையில் முனையை மூடுவது ஆறு வயது விரல்களுக்கு எரிச்சலைத்தான் தரும். பத்து வயதுக்கு மேல் சிலர் இதில் ஆழ்ந்துபோவார்கள். பலர் நாலாவது சுருளில் எழுந்துவிடுவார்கள். சின்னவர்களையும் சேர்க்க வேண்டுமானால் 10 மில்லிமீட்டர் அகலப் பட்டையை எடுங்கள், நத்தையின் ஓடு, மரத்தின் கிளை நுனி என்று தளர்ந்த சுருளே போதுமான உருவங்களைக் கொடுங்கள். ஆனால் மாலையில் தனியாக உட்கார்ந்து கையை ஏதாவதில் ஈடுபடுத்த நினைக்கும் பெரியவருக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. எந்த நொடியிலும் நிறுத்தலாம். ஆறு இதழ் செய்து டப்பாவில் போட்டு மூடினால் ஆறு மாதம் கழித்து ஏழாவதைத் தொடரலாம். எதுவும் காய்ந்துபோகாது, எந்தப் படியும் மறந்துபோகாது. பாதியில் விடுவதைப் பொறுத்தவரை ஐந்தில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

கருவி என்று பார்த்தால், நுனியில் பிளவுள்ள சுருட்டுக்குச்சி இருந்தால் வேகம் கூடும். பல்குத்தும் குச்சியாலும் முடியும். பிளவுக் குச்சி சுருளின் நடுவில் ஒரு சின்னக் கொக்கி மடிப்பை விட்டுச்செல்லும், வெறும் குச்சியில் சுருட்டினால் நடு வட்டமாக வரும். பட்டைக்கு 80 முதல் 120 கிராம் தாள் சரியாக இருக்கும். ஒரிகாமியில் மிஞ்சிய அந்த 87 மில்லிமீட்டர் துண்டை 5 மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டினால் 21 சென்டிமீட்டர் நீளத்தில் 17 பட்டைகள் கிடைக்கும். ஒரு சின்னப் பூவுக்குத் தாராளம்.

முடிந்த பொருள் எங்கே வாழும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிற்கவைத்து ஒட்டிய பட்டைகளுக்கு இடையே தூசி இறங்கினால் எடுக்கவே முடியாது. துடைத்தால் நசுங்கும், ஊதினால் உள்ளே போகும். ஆகவே ஆழமான கண்ணாடிச் சட்டம் இல்லாமல் சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள். பல நேரம் காகிதத்தைவிட அதுதான் அதிகம். நேர் வெயில் படும் சுவரில் சாயம் வெளுத்துவிடும். வாழ்த்து அட்டையில் வைத்துப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கவலை எதுவும் உங்களுடையது அல்ல.

வெட்டு வேலை

மடித்து வெட்டிப் பிரிப்பது உடனடி மகிழ்ச்சி. நான்கு வெட்டுகள் எட்டு மடங்காக விரிவதைப் பார்த்து வாய்பிளக்காத குழந்தை கிடையாது. ஐந்து நிமிடத்தில் ஒன்று முடிந்துவிடுவதால் பாதியில் விடும் பேச்சே இல்லை. மெல்லிய தாளும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் போதும். தடித்த தாளை எட்டாக மடித்தால் சின்னக் கைகளால் வெட்ட முடியாது என்பது மட்டும் கவனத்தில் இருக்கட்டும்.

கத்தியால் வெட்டும் நுண்வேலை இதே தாளில் செய்யும் முற்றிலும் வேறு விளையாட்டு. அதற்கு வெட்டுப் பலகையும் புதிய பிளேடும் தனி அறையும் வேண்டும். மழுங்கிய பிளேடுதான் அதிகமாக விரலை வெட்டுகிறது. அழுத்தம் கூடக்கூடக் கை வழுக்கும். குழந்தைகள் நடமாடும் மேசையில் இது வேண்டாம்.

வயதைக் காரணம் காட்டி ஒதுங்கும் தாத்தா பாட்டிகளுக்கு மேரி டிலேனியைப் பற்றிச் சொல்லலாம். 1700இல் பிறந்த இந்த ஆங்கிலப் பெண்மணி 70 வயதைத் தாண்டிய பிறகு, 1772 வாக்கில், வண்ணக் காகிதத்தை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிச் செடிகளையும் பூக்களையும் உருவாக்கத் தொடங்கினார். கண்பார்வை மங்கி நிறுத்தும் வரையிலான பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் படைப்புகள்! அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெட்டி ஒட்டுவது குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள்.

செய்தித்தாள் கூடை

பயன்படும் பொருள் வேண்டும், அலங்காரம் வேண்டாம் என்பவர்களுக்கு இது. செய்தித்தாளை நீளக் கீற்றுகளாக்கி, மெல்லிய கம்பியை ஒரு மூலையில் சாய்வாக வைத்துச் சுருட்டினால் உறுதியான குழல் கிடைக்கும். ஒன்றின் மெலிந்த முனையை அடுத்ததன் அகன்ற முனைக்குள் செருகினால் எவ்வளவு நீளமும் போகலாம். பிறகு கூடைப் பின்னல்தான். நடுத்தர அளவுக் கூடைக்கே நூற்றுக்கும் மேற்பட்ட குழல்கள் ஆகும். குழல் சுருட்டுவது சலிப்பான வேலை, ஆனால் பேசிக்கொண்டே செய்யக்கூடிய சலிப்பு. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், குழல்கள் கெடாது. செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும் என்பதால் வண்ணமோ வார்னிஷோ பூசாமல் விடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு இதில் வேலை குறைவு, பதின்வயதினருக்கு நிறைய.

பழைய பெட்டிகளின் மேல் அச்சிட்ட காகிதத்தை ஒட்டி வார்னிஷ் பூசும் டிகூபாஜும் இந்த வகைதான். கீறல் விழுந்த தட்டையோ டப்பாவையோ மீட்க நல்ல வழி, புதிதாக எதையும் வீட்டில் சேர்க்காது என்பது அதன் பெருமை.

எந்த வீட்டுக்கு எது

பள்ளிக்குப் போகாத குழந்தை மட்டும் இருந்தால் அடுக்கு ஒட்டு, தயங்க வேண்டாம். ஐந்து முதல் ஐம்பது வரை எல்லா வயதினரும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமானால் சோனோபே. 30 அலகை இலக்காக வைக்காமல் 6இல் தொடங்குங்கள். அரை மணி நேரத்தில் விருந்தாளிக் குழந்தைகளைச் சமாளிக்க வேண்டுமானால் மடித்து வெட்டுங்கள். ஒருவருக்கு மட்டும்தான் ஆர்வம், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் என்றால் அவருக்குக் குவில்லிங்கை விட்டுக்கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது. கட்டாயப்படுத்திச் சேர்ந்து செய்ததில் குவில்லிங் உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

காகிதத்தில் விளக்குக்கூடு செய்யும் ஆசை இருந்தால், எந்த முறையாக இருந்தாலும் உள்ளே எல்.இ.டி. மட்டும். சூடாகும் பழைய பல்பைக் காகிதத்துக்குள் வைக்கக் கூடாது. கடையில் தரும் வழவழப்பான ரசீதுத் தாளையும் கைவினைக்குப் பயன்படுத்த வேண்டாம். அது வெப்பத்தில் நிறம் மாறும் வேதிப்பூச்சு உள்ள தாள், குழந்தை பிசையும் கூழில் அதற்கு இடமில்லை.

எல்லாம் ஒரு பெட்டியில் வரும் தயார்த் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஒரிகாமிக்கும் அடுக்கு ஒட்டுக்கும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் தாளே போதும், தொகுப்பு ஒரே ஓர் உருவத்தோடு உங்களை நிறுத்திவிடும். குவில்லிங்குக்கு மட்டும் முதல் முறை வாங்கலாம். ஒரே அகலத்தில் நூறு பட்டைகளைக் கையால் வெட்டுவது சுருட்டுவதைவிடக் கடினம், பட்டை கோணலாக இருந்தால் சுருளும் கோணலாக நிற்கும். ஆனால் தொகுப்பில் எல்லா நிறமும் ஒரே அளவில் வரும். பச்சை முதலில் தீரும், வெளிர் ஊதா கடைசிவரை அப்படியே இருக்கும். இரண்டாம் முறை நிறத்துக்கு நிறம் தனியாக வாங்குங்கள், பச்சையை இரட்டிப்பாக.